பனியை நம்பிய பறவை: குரோசியர் முனையின் கதை

பறவை எங்கே முட்டையிடும் என்று கேட்டால், மரத்தில் இடும், புதரில் இடும், பாறை இடுக்கில் இடும், சில பறவைகள் மண்ணைத் தோண்டியும் இடும் என்று நம் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். கடலின் மேல் நின்றுகொண்டு முட்டையிடும் பறவை உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. தென் துருவக் கண்டமாகிய அண்டார்டிகாவில் வாழும் எம்பரர் பெங்குவின்தான் அது. தமிழில் சக்கரவர்த்திப் பெங்குவின் என்று சொல்லலாம். கடல் நீர் உறைந்து கல்லாகிக் கிடக்கும் மாதங்களில், அந்த உறைந்த கடலையே தரையாக நம்பி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அந்தத் தரை எப்போது வரும், எப்போது போகும் என்பதில்தான் அதன் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

இந்தப் பறவைக்கும் பனிக்கும் உள்ள உறவை நூறாண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் கண்ணால் பார்த்து எழுதி வைத்த ஓரிடம் இருக்கிறது. அதன் பெயர் குரோசியர் முனை. அதன் வரலாற்றைத்தான் இங்கே கூற முற்படுகிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம். நம் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் புல்லின் மேல் நிற்கும் பனித்துளிதான். துருவத்துப் பனி அப்படியல்ல. அதில் மூன்று வகையை நாம் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் நீரே குளிரில் உறைந்து ஓரிரு மீட்டர் கனத்துக்குப் படிவது கடற்பனி. குளிர்காலத்தில் உண்டாகிக் கோடையில் உடைந்து போகும். தரையின் மேல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்து இறுகிய பனி, மெல்ல நகர்ந்து வந்து கடலின் மேல் மிதந்துகொண்டு நிற்பது பனிமேடை. இதன் கனம் நூற்றுக்கணக்கான மீட்டர். அந்த மேடையிலிருந்து ஒரு துண்டு விண்டு, கடலில் மிதந்து போனால் அது பனிமலை. அதன் உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் மறைந்திருக்கும். மேலே தெரிவது கொஞ்சந்தான்.

குரோசியர் முனை ராஸ் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 1841ஆம் ஆண்டு ஜனவரியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர், எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார். தீவிலிருந்த இரண்டு எரிமலைகளுக்கும் கப்பல்களின் பெயரையே சூட்டினார். டெரர் கப்பலின் தலைவர் பிரான்சிஸ் குரோசியர். அவர் பெயர்தான் முனைக்கு. (இந்தக் குரோசியர் பின்னர் வட துருவப் பக்கம் பிராங்க்ளின் குழுவோடு 1845இல் சென்று, அங்கே பனியில் சிக்கித் திரும்பி வராமலே போனார்.) முனைக்குக் கிழக்கே செங்குத்தான வெள்ளை மதில் போல ஒரு பனிமேடை அடிவானம் வரை நீண்டு நின்றது. அதைத் தாண்டிப் போக ராஸுக்கு வழி கிடைக்கவில்லை. இன்று ராஸ் பனிமேடை என்கிறோம். பிரான்ஸ் தேசத்தின் அளவுக்கு ஏறக்குறைய சமமான பரப்பு. அது சும்மா நிற்பதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கடலை நோக்கி நகர்கிறது. நகர்ந்து வந்து குரோசியர் முனையில் மோதி நெரிபடும்போது, பனி மடிப்பு மடிப்பாகப் புடைத்து எழுகிறது. அந்த மடிப்புகளுக்கும் செங்குத்தான மதிலுக்கும் இடையே காற்று அதிகம் அடிக்காத ஒரு மூலை உண்டாகிறது. அங்கே கடற்பனி உறைந்து கெட்டியாக நிற்கும். பெங்குவின்கள் தேடிப்பிடித்த இடம் அந்த மூலைதான்.

அவை அங்கே இருப்பது 1902ஆம் ஆண்டு அக்டோபரில் தெரிய வந்தது. ஸ்காட் தலைமையில் வந்த டிஸ்கவரி கப்பலின் பொறியாளர் ரெஜினால்ட் ஸ்கெல்டன், சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு அங்கே போனபோது கூட்டத்தைக் கண்டார். சக்கரவர்த்திப் பெங்குவின் குஞ்சு பொரிக்கும் இடத்தை மனிதன் பார்த்தது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு, 1903இல், அதே குழுவின் மருத்துவரும் ஓவியருமான எட்வர்ட் வில்சன் அங்கே போனார். குளிர்காலம் முடிந்தவுடன் செப்டம்பரில் போனால் முட்டை கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் குஞ்சுகள் ஏற்கெனவே பொரித்துவிட்டிருந்தன! அப்படியென்றால் இந்தப் பறவை நடுக்குளிரில், சூரியனே உதிக்காத இருட்டில் முட்டையிடுகிறது என்று அவர் கணக்குப் போட்டார். அன்று அதை நம்புவதே கடினம்.

ஏன் இப்படி ஒரு பிடிவாதம்? கோடையில் முட்டையிட்டால் என்ன? இங்கேதான் பனியின் கணக்கு வருகிறது. முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சுக்குப் பஞ்சு போன்ற மென்மயிர்தான் இருக்கும். அது தண்ணீர் புகாத இறகு அல்ல. அதோடு கடலில் விழுந்தால் நனைந்து, விறைத்துச் செத்துப்போகும். பஞ்சு உதிர்ந்து உண்மையான இறகு முளைக்க ஏறத்தாழ ஐந்து மாதம் பிடிக்கும். கோடையில் கடற்பனி உடைவதற்குள் குஞ்சு நீந்தத் தயாராகிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தயாராக வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்டில் பொரிக்க வேண்டும். அதற்கு மே, ஜூனில் முட்டையிட்டாக வேண்டும். ஆகவே ஏப்ரல் தொடங்கி டிசம்பர் வரை காலடியில் பனி உறுதியாக நிற்க வேண்டும். ஒரு மாதம் முந்தி உடைந்தாலும் அந்த ஆண்டுப் பிள்ளைகள் அத்தனையும் போச்சு.

முட்டை ஒன்றே ஒன்று. கூடு கிடையாது. இட்டவுடன் தாய் அதைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் முட்டையைத் தன் பாதங்களின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வாய் இரையும் இல்லாமல் நிற்கும். வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அதன் பட்டினி ஏறக்குறைய நான்கு மாதம். நம் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் உயரமுள்ள பறவை அது. ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று ஒட்டி நின்று, உள்ளே நிற்பவை வெளியே வர, வெளியே நிற்பவை உள்ளே போக, இப்படி மாறி மாறிக் குளிரைப் பங்கிட்டுக்கொள்ளும். நின்றபடியே நகரலாம், ஆனால் காலடிப் பனி விரிசல் விட்டால் ஓட முடியாது. ஓடினால் முட்டை உருளும். உருண்ட முட்டை கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வில்சனுக்கு அந்த முட்டைகளின் மேல் தீராத ஆசை. பெங்குவின் மிகப் பழமையான பறவை, அதன் கரு வளரும் விதத்தைப் பார்த்தால் ஊர்வனவற்றிலிருந்து பறவை தோன்றிய வழி விளங்கும் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் எண்ணினார்கள். எனவே ஸ்காட் இரண்டாம் முறை வந்தபோது, 1911ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி கேரார்ட் ஆகிய மூவரும் எவன்ஸ் முனையிலிருந்து குரோசியர் முனைக்குப் புறப்பட்டார்கள். தூரம் 110 கிலோமீட்டர் இருக்கும். இரண்டு சறுக்குவண்டிகளில் 340 கிலோவுக்கு மேல் சுமை. இழுக்க நாயும் இல்லை, குதிரையும் இல்லை, மூன்று மனிதர்கள்தாம். பாதி வழியில் பனி மணல் போலச் சொரசொரத்துப் போய், இரண்டு வண்டியையும் ஒன்றாக இழுக்க முடியவில்லை. ஒன்றை இழுத்துக் கொண்டுபோய் விட்டு, திரும்பி நடந்து வந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை. அதுவும் கும்மிருட்டில்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸுக்கும் இறங்கியது. ஒரு நாள் காலை செர்ரி கேரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவுதான், உடுப்பு அப்படியே உறைந்து கட்டையாகிவிட்டது. தலையைக் குனிய முடியாமல் நான்கு மணி நேரம் அதே நிலையில் வண்டி இழுத்தாராம். கிட்டப்பார்வைக்காரர் வேறு. அந்தக் குளிரில் கண்ணாடி போட முடியாது. இதையெல்லாம் அவரே பின்னாளில், 1922ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உலகத்திலேயே மிகக் கொடிய பயணம் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். படித்தவர்கள் அதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

பத்தொன்பது நாள் நடந்து முனையை அடைந்து, கல்லடுக்கிக் கித்தான் கூரை போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். பிறகு பனி மடிப்புகளுக்குள் வழி தேடி, பள்ளத்தில் விழுந்து எழுந்து, ஒரு பனிச் சுரங்கத்தில் நரி போல நுழைந்து கூட்டத்தை அடைந்தார்கள். அங்கே அவர்கள் கண்டது ஏறக்குறைய நூறு பறவைகள்தாம். முன்பு டிஸ்கவரி காலத்தில் இதைவிட அதிகம் பார்த்த இடம் அது! மீதிப் பறவைகள் என்னவாயின? ஒரே தடவை, இருட்டில், அவசரம் அவசரமாகப் பார்த்த பார்வை. அதை ஒரு கணக்கெடுப்பு என்று கொள்ள முடியாது. ஆனால் அந்த ஆண்டு பனி சரியாகப் பிடித்து நிற்காமல் இருந்திருக்கலாம் என்று நாம் இன்று எண்ணிப் பார்க்க இடமுண்டு.

இன்னொன்றையும் கண்டார்கள். சில பறவைகளின் காலடியில் முட்டை இல்லை. முட்டை அளவுக்கு உருண்டையான அழுக்குப் பனிக்கட்டி இருந்தது. முட்டையைப் பறிகொடுத்த பறவைகள் பனிக்கட்டியை எடுத்து வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தன. பெற்றோர் பாசத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நமக்குத் தோன்றும். வில்சன் குழுவினருக்கோ அந்த நேரத்தில் முட்டைதான் முக்கியம். ஐந்து முட்டைகளை எடுத்தார்கள். திரும்பும் வழியில் இரண்டு உடைந்தன. மிச்சம் மூன்று.

அதற்குப் பின் வந்தது புயல். கூடாரம் பறந்தது. அடுத்து, வில்சனின் பிறந்த நாளான ஜூலை 23ஆம் தேதியன்று குடிசையின் கித்தான் கூரையும் கிழிந்து பறந்தது. மூவரும் தூங்குபைக்குள் புகுந்துகொண்டு, மேலே பனி மூட, இனி அவ்வளவுதான் என்று கிடந்தார்கள். புயல் தணிந்ததும் தேடிப் போனால், கூடாரம் ஒரு சரிவின் அடியில் பழுதில்லாமல் கிடந்தது. அது கிடைத்திராவிட்டால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆகஸ்ட் 1ஆம் நாள் எவன்ஸ் முனை திரும்பினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் வில்சனும் பவர்ஸும் ஸ்காட்டோடு தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டார்கள். 1913இல் செர்ரி கேரார்ட் மட்டும் அந்த மூன்று முட்டைகளையும் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அவருக்கு நல்ல வரவேற்புக்கூட இல்லை. 1934இல் வெளிவந்த ஆராய்ச்சி முடிவில், எதிர்பார்த்த புதுச் செய்தி எதுவும் அந்தக் கருக்களில் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. கருவைப் பற்றிய கொள்கை பொய்த்தது. ஆனால் அந்த மூவரும் இருட்டில் எண்ணிய நூறு பறவை என்ற குறிப்பு மட்டும், ஓரிடத்தின் வரலாற்றில் ஒரு வரியாக நிலைத்துவிட்டது. எதற்காகப் போனார்களோ அதைவிட, போன இடத்தில் எழுதி வைத்ததுதான் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

1950களின் பிற்பாதியில் அமெரிக்கரும் நியூசிலாந்துக்காரரும் ராஸ் தீவிலேயே நிலையங்கள் அமைத்தார்கள். அதன் பிறகு குரோசியர் முனைக்கு ஆள் போய் வருவது வழக்கமானது. குஞ்சுகளை எண்ணினார்கள். சில ஆண்டு கூடும், சில ஆண்டு குறையும். 2000ஆம் ஆண்டில் எண்ணியபோது 1,201 குஞ்சுகள் இருந்தன. நல்ல ஆண்டுதான்.

அதே 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ராஸ் பனிமேடையின் விளிம்பு விண்டது. விண்ட துண்டின் நீளம் ஏறக்குறைய 295 கிலோமீட்டர், அகலம் 37 கிலோமீட்டர். அடேயப்பா! கோலாலம்பூரிலிருந்து ஜொகூர்பாருவுக்கு நேர்கோடு இழுத்தால் அவ்வளவு நீளம் வரும். பரப்பு 11,000 சதுர கிலோமீட்டர். நம் கெடா மாநிலத்தையே தூக்கி அதன் மேல் வைத்தாலும் இடம் மிஞ்சும். இத்தகைய பனிமலைகளுக்கு அமெரிக்கப் பனி நிலையம் எழுத்தும் எண்ணும் கொண்டு பெயர் வைக்கிறது. இதற்குக் கிடைத்த பெயர் பி-15. அது உடைந்து பல துண்டாகி, பெரிய துண்டு பி-15ஏ எனப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் பி-15ஏயும், சி-16 என்ற வேறொரு பனிமலையும் ராஸ் தீவின் பக்கம் வந்து சேர்ந்தன.

அடுத்த சில மாதங்களில் பி-15ஏ, குரோசியர் முனையை ஒட்டி நின்ற பனிமேடையின் நுனியில் மோதியது. ஒரு மோதலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அலையும் காற்றும் அசைக்க அசைக்க, மீண்டும் மீண்டும் மோதியது. அது நடந்தது எந்த மாதங்களில்? தகப்பன் பறவைகள் காலில் முட்டையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்ற மாதங்களில். அறுபது ஆண்டு, நூறு ஆண்டு என்று காற்றைத் தடுத்துக் காப்பாற்றிய அந்த மூலையே சுருண்டு நொறுங்கியது. பல பறவைகள் பனிப்பாளங்களுக்கிடையில் நசுங்கின. பல, ஏற முடியாத பள்ளங்களில் அகப்பட்டுக்கொண்டன. மீதி, முட்டையைக் கைவிட்டு ஓடின. பாவம், வேறு என்ன செய்யும்? 2001ஆம் ஆண்டு அங்கே ஒரு குஞ்சுகூட வளரவில்லை. 1,201 என்ற கணக்கு ஒரே ஆண்டில் பூஜ்யமாயிற்று. ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். பனிமலை அங்கேயே நின்ற அடுத்தடுத்த ஆண்டுகளிலும், முன்பிருந்த கணக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒருபோதும் குஞ்சு தேறவில்லை.

வடமேற்கே 70 கிலோமீட்டரில் பியூபோர்ட் தீவில் இன்னொரு கூட்டம். அங்கே எதுவும் மோதவில்லை, எந்தப் பறவையும் நசுங்கவில்லை. ஆனாலும் 2004ஆம் ஆண்டில் அங்கே குஞ்சுகள் பழைய கணக்கில் நூற்றுக்கு ஆறாகக் குறைந்துவிட்டன. காரணம், பனிமலை வழியை அடைத்துக்கொண்டது. குளிர்காலத்திலும் உறையாமல் திறந்திருக்கும் நீர்ப்பரப்பு ஒன்று ராஸ் கடலில் உண்டு. இரை தேடும் பறவைகளுக்கு அதுவே சந்தை மாதிரி. அந்தச் சந்தைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு மாநிலத்தின் அளவுக்கு மதில் எழுந்துவிட்டால், பிள்ளைக்கு இரை கொண்டு வருவது எப்படி?

இதே இடைஞ்சல் அடேலி பெங்குவின்களுக்கும் வந்தது. இவை உருவத்தில் சிறியவை. பனியில் அல்ல, கரையில் கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடு கட்டி, கோடையில் முட்டையிடுபவை. குரோசியர் முனையிலேயே இவை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தரையில் வாழ்வதால் பனி இவற்றுக்கு ஒரு பொருட்டல்ல என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் திறந்த கடல் வேண்டும். ராஸ் தீவின் மேற்குக் கரையில் ராய்ட்ஸ் முனை என்ற இடம். 1908இல் ஷாக்கில்டன் அங்கே கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. அதன் அருகில் உள்ளதுதான் உலகிலேயே ஆகத் தெற்கே அமைந்த அடேலிக் கூட்டம். பனிமலைகள் கடலை அடைத்து நின்ற ஆண்டுகளில், கோடையில் உடைந்து போக வேண்டிய கடற்பனி அங்கே உடையவே இல்லை. பறவைகள் நீந்திப் போக வேண்டிய தூரத்தை நடந்தே போக வேண்டியதாயிற்று. பெங்குவின் நீரில் அம்பு, நிலத்தில் குழந்தை. போய்த் திரும்புவதற்குள் வீட்டிலிருந்த துணை பசி தாங்காமல் கூட்டை விட்டுவிடும். கூட்டம் சுருங்கியது.

ஆகவே பனி இல்லாவிட்டால் ஒன்றுக்குச் சாவு, பனி மிஞ்சினால் இன்னொன்றுக்குச் சாவு. பனி குறைவது நல்லதா கெட்டதா என்று என்னிடம் ஒரு மாணவன் கேட்டான். எந்தப் பறவைக்கு, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அடேலிகளைப் பற்றி வியப்பான ஒரு செய்தி உண்டு. இவை பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து குஞ்சு பொரிக்கும் குணமுள்ளவை. தென் துருவத்தின் குளிர் எலும்புகளைக் கெடாமல் காப்பதால், ஒரே இடத்தில் ஏறத்தாழ 6,000 ஆண்டுக்கு முன் இறந்த அடேலியின் எலும்பையும், இன்று வாழும் அடேலியின் இரத்தத்தையும் ஒப்பிட்டு அறிஞர்கள் 2005இல் எழுதினார்கள். ஒவ்வோர் இடத்துக் கூட்டமும் தனித்தனியே நின்றிருந்தால் மரபணுவில் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. பி-15 போன்ற பெரும் பனிமலைகள் அவ்வப்போது வந்து பாதையை மறித்து, பறவைகளை வேறு கூட்டங்களில் போய்ச் சேரச் செய்ததே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. பனிமலை பெங்குவினுக்குப் புதிய பகையல்ல. மனிதன் அங்கே போய்ப் பார்ப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வந்து போய்க்கொண்டிருந்த ஒன்று. பனிமேடை வளர்வதும், நுனி விண்டு போவதும், மறுபடி வளர்வதும் அதன் இயல்பு. பி-15 விண்டதற்குப் பூமி சூடாவதைக் காரணம் காட்டத் தேவையில்லை.

2003ஆம் ஆண்டுப் புயலில் பி-15ஏ இரண்டாகப் பிளந்தது. 2005இல் வடக்கே நகர்ந்து, போகிற போக்கில் டிரைகால்ஸ்கி என்னும் பனிநாக்கின் நுனியை உடைத்துவிட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அடேர் முனையருகே சிதறியது. பாதை திறந்தது. குரோசியர் முனையில் சக்கரவர்த்திப் பெங்குவின்கள் வேறு பக்கமாய் இடம் பார்த்து நின்று, மெல்ல மெல்லத் தேறின. இந்தப் பறவை இருபது ஆண்டும் வாழக்கூடியது. நாலைந்து ஆண்டு பிள்ளையில்லாமல் போனாலும், பெரியவை உயிரோடிருந்தால் கூட்டம் மீண்டும் தலையெடுக்கும்.

இங்கே பத்திரிகைச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டில் பி-09பி என்ற பனிமலை காமன்வெல்த் விரிகுடாவில் வந்து தரைதட்டி நின்றது. டெனிசன் முனையிலுள்ள அடேலிகள் கடலை அடைய 60 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதாயிற்று. 2016இல் இந்தச் செய்தி வந்தபோது, ஒன்றரை லட்சம் பெங்குவின்கள் செத்துப்போயின என்று உலகப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. ஆராய்ந்தவர்கள் எழுதியது, பறவைகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பதுதான். அவற்றில் எத்தனை செத்தன, எத்தனை வேறிடம் போயின என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை குறைந்தது என்பதும் இறந்தது என்பதும் ஒன்றல்ல. 1911இல் நூறு பறவையைப் பார்த்த வில்சனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஹாலி விரிகுடா. அது கண்டத்தின் மறுபக்கம், வெடல் கடலில் இருக்கிறது. 1956இல் ஆங்கிலேயர் அங்கே நிலையம் அமைத்த நாளிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்து வந்தார்கள். அப்போது உலகிலேயே இரண்டாவது பெரிய சக்கரவர்த்திக் கூட்டமாக அது இருந்தது, நல்ல ஆண்டில் இருபதாயிரம் இணை வரை வந்தன. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் பலத்த காற்று வீசிக் கடற்பனி உடைந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் பஞ்சு மயிர். அத்தனையும் போயின. 2017இலும், 2018இலும் பனி உறுதியாகப் பிடிக்கவே இல்லை. மூன்று ஆண்டு தொடர்ந்து அங்கே ஒன்றும் தேறவில்லை. ஆனால் தெற்கே 55 கிலோமீட்டரில் டாசன்-லாம்டன் என்ற இடத்தில் இருந்த சிறு கூட்டம் பத்து மடங்குக்கு மேல் பெருகியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பெரியவைகளில் ஒரு பகுதி அங்கே குடிபெயர்ந்திருந்தன. பனியின் மேல் படியும் எச்சத்தின் பழுப்புக் கறையை வானத்திலிருந்து பார்த்தே இப்போது கூட்டங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். 60க்கு மேற்பட்ட கூட்டங்கள் இவ்வாறு தெரிய வந்துள்ளன. மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்துப் போய்ப் பார்த்ததை, இன்று கேம்பிரிட்ஜில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அந்தப் படங்களில்தான் 2022ஆம் ஆண்டுச் செய்தியும் தெரிந்தது. பெலிங்ஸ்ஹவுசன் கடலின் மத்தியிலும் கிழக்கிலும் ஐந்து கூட்டங்கள். அவற்றில் நான்கில், குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே கடற்பனி உடைந்து போயிற்று. ஒரே வட்டாரத்தில், ஒரே ஆண்டில், நான்கு கூட்டங்கள். இது பனிமலை செய்த வேலையல்ல. தென் துருவக் கடற்பனி 2014ஆம் ஆண்டு வரை கொஞ்சம் கூடிக்கொண்டே வந்து, அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் 200 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இல் திடீரென்று சரிந்தது. 2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதன் உச்சமே 170 லட்சத்தை எட்டவில்லை. கடல் சூடேறுவது இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

இரண்டு துன்பமும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பனிமலை ஓரிடத்தில் வரும், நான்கு ஆண்டு நிற்கும், போகும். பக்கத்துக் கூட்டத்துக்கு ஓடலாம், திரும்பியும் வரலாம். கடற்பனி ஒரு கடல் முழுவதும் மெலிந்தால், பக்கத்துக் கூட்டத்திலும் அதே கதைதான். ஹாலி விரிகுடாப் பறவைகளுக்கு ஒரு டாசன்-லாம்டன் இருந்தது. பெலிங்ஸ்ஹவுசனில் நான்கு கூட்டமும் ஒன்றாகத் தோற்ற ஆண்டில், அவை எங்கே போகும்?

ராஸ் கடல் கடுங்குளிர்ப் பகுதி. கண்டத்தின் மற்ற இடங்களில் பனி குறைந்தாலும் அங்கே நீண்ட காலம் நிற்கும் என்று கருதப்படுகிறது. ஆனாலும் 2018ஆம் ஆண்டு குரோசியர் முனையில் ஆராய்ச்சியாளர்கள் முகாமிட்டிருந்தபோது, கரையொட்டிய பனி வழக்கமான காலத்துக்கு முன்பே உடைந்தது. குஞ்சுகள் இன்னும் முழு இறகு முளைக்காமல் இருந்தன. உடைந்த பாளங்களின் மேல் கூட்டம் கூட்டமாக நின்றன. 1903இல் வில்சன் அதே முனையில், பெங்குவின்கள் பனி விளிம்பில் காத்து நின்று, விண்டு போகும் பாளத்தில் ஏறி வடக்கே மிதந்து போவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பருவம் முடிந்த பின் அப்படிப் போவது அவற்றின் வழக்கமான பிரயாணம். 2018இல் பருவம் முடியவில்லை. அந்த ஆண்டு வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகளில் கணிசமான பங்கு தேறவில்லை.